குழாயில் வரும் சத்தம்: காரணமும் பரிகாரமும்

தோட்டத்து வீடுகளில் பெரும்பாலும் கிணற்று மோட்டாரே வயலுக்கும் வீட்டுக்கும் தண்ணீர் கொடுக்கிறது. வயலுக்குப் போகும் மெயின் குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். அங்கிருந்து சமையலறைக்கும், குளியலறைக்கும், மாட்டுத் தொட்டிக்கும் குழாய் இறக்குகிறோம். இந்தக் குழாய்கள் சில சமயம் சத்தம் போடும். மோட்டார் நின்றதும் சுவரில் யாரோ இடித்தது போல் 'தட்' என்று கேட்கும். குழாயைத் திறந்தால் 'களக் களக்' என்று துப்பும். பாதி திறந்தால் 'டர்ர்' என்று அதிரும்.

"சத்தம்தானே, தண்ணீர் வருகிறதே" என்று பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நல்ல நிலையில் உள்ள குழாய் அதிகம் சத்தம் போடாது. சத்தம் வருகிறதென்றால் குழாய்க்கோ, வால்வுக்கோ, மோட்டாருக்கோ தாங்க முடியாத சிரமம் ஏற்படுகிறது என்று பொருள். மண்ணில் புதைத்த குழாய் கோடையில் வெடித்தால், தோண்டி இணைத்து மறுபடி தண்ணீர் விடுவதற்குள் பயிருக்கு ஒரு தண்ணீர் தவறிவிடும். ஆகவே சத்தத்தின் வகையை அறிந்து ஆரம்பத்திலேயே சரி செய்து கொள்வது லாபகரமானது. பெரும்பாலான பரிகாரங்களுக்கு அதிகச் செலவும் இல்லை.

எப்போது சத்தம் வருகிறது?

சத்தத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க, அது எப்போது வருகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

1. மோட்டார் நிற்கும் சமயம் மட்டும் 'தட்' என்று கேட்டால், நின்றுபோன தண்ணீர் திரும்பி வந்து வால்வில் மோதுகிறது.

2. மோட்டார் ஓடும்போது கரகரவென்று கேட்டால், உறிஞ்சு குழாயில் அல்லது கிணற்று நீர்மட்டத்தில் கோளாறு.

3. மோட்டார் ஓடாதபோது, வீட்டுக் குழாயைத் திறக்கும்போது சத்தம் வந்தால், குழாயில் காற்று அடைத்துள்ளது, அல்லது குழாயின் வாசர் தேய்ந்துள்ளது.

4. எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போதும் 'உஸ்' என்ற ஒலி கேட்டால், எங்கோ கசிவு உள்ளது.

மாடித் தொட்டி குழாய்க்கு மேல் 12 அடி உயரத்தில் இருந்தால், அங்கு தண்ணீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. ஆகவே தொட்டித் தண்ணீர் மட்டும் வரும் வீட்டுக் குழாயில் பலத்த இடி கேட்பது அபூர்வம். இடி கேட்டால் மோட்டார் பக்கக் குழாயை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

'தட்' என்ற இடி

உள்விட்டம் இரண்டரை அங்குலமும் நீளம் 300 அடியும் உள்ள குழாயில் சுமார் 290 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதன் எடை சுமார் 290 கிலோ. அதாவது 70 கிலோ நெல் மூட்டை நான்குக்கும் சற்று அதிகம். மோட்டார் ஓடும்போது இவ்வளவு எடையும் மனிதன் விரைந்து நடக்கும் வேகத்தில் நகர்ந்து கொண்டிருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டியை நொடியில் நிறுத்த முயன்றால் என்ன ஆகும்? தண்ணீருக்கும் அதே கதிதான். அது எளிதில் அமுங்காத பொருளாகையால், ஓட்டம் திடீரெனத் தடைபட்டதும் அதன் வேகம் முழுவதும் அழுத்தமாக மாறிக் குழாயைத் தாக்குகிறது. இதைப் பொறியாளர்கள் 'வாட்டர் ஹாமர்' என்பர். நாம் நீர்ச் சம்மட்டி எனலாம்.

இதன் கணக்கைத் தெளிவாக வகுத்தவர்களில் முக்கியமானவர் ரஷ்ய விஞ்ஞானி நிகோலாய் ஷுக்கோவ்ஸ்கி. மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்களில் 1897-98-ல் சோதனைகள் செய்து, அடியின் பலம் தண்ணீரின் வேகத்தையும் குழாயின் விறைப்பையும் பொறுத்தது என்று காட்டினார். அந்தக் கணக்குப்படி, வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் நொடிப் பொழுதில் முழுதாகத் தடைபட்டால், இரும்புக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 12 முதல் 13 கிலோ வரை அழுத்தம் கூடுகிறது. பி.வி.சி. குழாய் சிறிது விரிந்து கொடுப்பதால் அதில் 3 முதல் 4 கிலோ வரை கூடும்.

பி.வி.சி.யில் அடி குறைவு என்று நிம்மதி அடைய முடியாது. 60 அடி உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் குழாயின் அடிப்பகுதியில், தண்ணீர் நிற்கும் உயரத்தாலேயே 1.8 கிலோ அழுத்தம் இருக்கும். அதோடு இடியின் 3 கிலோ சேர்ந்தால் கிட்டத்தட்ட 5 கிலோ ஆகிறது. அங்கே 4 கிலோ தாங்கும் ரகக் குழாய் போட்டிருந்தால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளில் வெடிக்காவிட்டாலும், தினமும் விழும் அடியால் குழாய் களைத்து, இணைப்பிலோ முழங்கையிலோ ஒருநாள் பிளந்துவிடும். ஆகவே குழாய் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், மேலே அச்சிட்டுள்ள அழுத்த அளவையும் பார்த்து வாங்க வேண்டும். ஏற்றக் குழாய்க்கு 6 கிலோ ரகமாவது போடுவது நல்லது. ஏற்றம் அதிகமானால் அதற்கு மேற்பட்ட ரகம் தேவை.

இடியைத் தடுக்கும் வழிகள்

கேட் வால்வை மெதுவாக மூடவும்: கிணற்று மேட்டில் உள்ள மோனோபிளாக் மோட்டாரை நிறுத்துவதற்கு முன், டெலிவரி குழாயின் கேட் வால்வை அரை நிமிடம் எடுத்துக் கொண்டு மெல்ல மூடி, பின்பு சுவிட்சை அணைக்க வேண்டும். மூடிய நிலையில் மோட்டாரை நீண்ட நேரம் ஓட விடக் கூடாது. பம்பில் உள்ள தண்ணீர் சூடேறிக் கெடுதல் செய்யும். ஓட்டத் தொடங்கும்போதும் வால்வைச் சிறிது திறந்து வைத்து, மோட்டார் வேகம் பிடித்த பிறகு படிப்படியாகத் திறக்க வேண்டும். செலவில்லாத முதல் பரிகாரம் இதுவே.

வயலில் வால்வு மாற்றும் முறை: பல வால்வுகள் வைத்துப் பாய்ச்சுவோரும், சொட்டு நீர்ப் பாசனம் செய்வோரும், அடுத்த பாத்தியின் வால்வைத் திறந்த பிறகே ஓடிக் கொண்டிருக்கும் வால்வை மூட வேண்டும். முதலில் மூடிவிட்டுப் பிறகு திறப்பது தவறு.

தண்ணீர் திரும்பாத வால்வு: மின்சாரம் தானாக நின்றால் கேட் வால்வை மூட நேரம் இருக்காது. மேலேறிய தண்ணீர் ஒரு கணம் நின்று, பின்பு கிணற்றை நோக்கித் திரும்பும். சாதாரண கதவு போன்ற வால்வு, தண்ணீர் நன்றாகத் திரும்பி வேகம் பிடித்த பிறகே 'தட்' என்று சாத்திக் கொள்கிறது. வில் வைத்த நான்-ரிட்டர்ன் வால்வு, தண்ணீர் திரும்பத் தொடங்கும் முன்பே மூடிக் கொள்வதால் இடி வெகுவாகக் குறையும். ஃபுட் வால்வு, டெலிவரி வால்வு இரண்டின் தோலும் ரப்பரும் தேயாமல் இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

ஆட்டோ ஸ்டார்ட்டர்: மின்சாரம் விட்டு விட்டு வரும் நேரத்தில், தண்ணீர் இன்னும் கீழே திரும்பிக் கொண்டிருக்கும்போதே ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரை மறுபடி ஓட்டிவிடும். எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் போல் தண்ணீர் மோதிக் கொள்ளும். ஃபுட் வால்வு ஒழுகிக் குழாய் பாதி காலியாக இருந்தால் இன்னும் மோசம். மின்சாரம் வந்து இரண்டு நிமிடமாவது கழித்து மோட்டார் ஓடும்படி தாமதக் கருவி வைத்துக் கொள்ளவும்.

காற்றறை: டெலிவரி குழாயில், நான்-ரிட்டர்ன் வால்வுக்குச் சற்று மேலே ஒரு 'டீ' இணைத்து, மேல்முனை அடைத்த குழாய்த் துண்டை நேராக நிறுத்தலாம். அதில் அடைபட்ட காற்று மெத்தை போல் அமுங்கி அடியை வாங்கிக் கொள்ளும். வீட்டுக் குழாய்க்கு, குழாயின் அதே கனத்தில் இரண்டடி நீளம் பெரும்பாலும் போதும். மோட்டார் குழாய்க்கு இதைவிடப் பருமனாக, பெரிதாக அமைக்க வேண்டும். நாளடைவில் காற்று தண்ணீரில் கரைந்து, அறை தண்ணீரால் நிரம்பிப் பயனற்றுப் போகும். சில மாதங்களுக்கு ஒருமுறை மோட்டாரை நிறுத்திக் குழாயிலுள்ள தண்ணீரை வடித்தால் காற்று மறுபடி நிரம்பும். மோட்டார் பக்கக் காற்றறையை இரும்புக் குழாயிலேயே செய்ய வேண்டும். காற்று அடைபட்ட பி.வி.சி. குழாய் உடைந்தால் சில்லுகள் தெறித்துக் காயப்படுத்தும். பி.வி.சி. குழாயில் கம்ப்ரசர் காற்றை ஏற்றிக் கசிவு பார்ப்பதும் இதே காரணத்தால் ஆபத்தானது.

நமக்குத் தொல்லை தரும் இந்த அடியையே வேலைக்கு வைத்தவர்களும் உண்டு. ஆகாயப் பலூனைக் கண்டுபிடித்த சகோதரர்களில் ஒருவரான பிரெஞ்சுக்காரர் ஜோசப் மான்கோல்ஃபியே, 1796-ல் தம் காகித ஆலைக்குத் தானே இயங்கும் நீரேற்றி ஒன்றை அமைத்தார். ஓடும் தண்ணீரைத் திரும்பத் திரும்பத் திடீரென நிறுத்தி, அந்த அடியின் பலத்தால் ஒரு பகுதித் தண்ணீரை மேலே ஏற்றும் கருவி அது. மின்சாரமோ எண்ணெயோ அதற்குத் தேவையில்லை. நம் குழாயில் வீணாக விழும் அடி எவ்வளவு பலமுள்ளது என்பதற்கு இதுவே சான்று.

மோட்டார் ஓடும்போது கரகரப்பு

பம்புக்குள் சரளைக் கல் உருள்வது போல் சத்தம் வந்தால் உடனே கவனிக்க வேண்டும். மேட்டில் உள்ள பம்ப் தண்ணீரை இழுப்பது காற்று மண்டலத்தின் அழுத்தத்தால்தான். கணக்குப்படி 34 அடி ஆழத்திலிருந்து தண்ணீர் ஏற வேண்டும். நடைமுறையில் 20 முதல் 22 அடி வரைதான் ஒழுங்காக ஏறும். கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே போனால் பம்புக்குள் அழுத்தம் மிகக் குறைந்து, தண்ணீர் குளிர்ந்த நிலையிலேயே ஆவிக் குமிழிகளாக மாறும். அவை உடையும்போது எழுவதுதான் இந்தச் சத்தம். நாளடைவில் பம்பின் சக்கரத்தை இது குழி குழியாக அரித்துவிடும்.

இதற்குச் செய்ய வேண்டியவை:

1. ஃபுட் வால்வின் சல்லடையில் இலை, பாசி அடைத்திருந்தால் நீக்கவும்.

2. ஃபுட் வால்வு தண்ணீருக்குள் குறைந்தது இரண்டு மூன்று அடி முழுகியிருக்க வேண்டும். கிணற்றின் அடிச் சேற்றிலும் படியக் கூடாது.

3. உறிஞ்சு குழாயை டெலிவரி குழாயைவிடச் சிறியதாகப் போடக் கூடாது. வளைவுகளையும் கூடியவரை குறைக்கவும்.

4. நீர்மட்டம் இறங்கிவிட்டால் மோட்டாரைக் கிணற்றுக்குள் கீழ் மேடைக்கு இறக்கவும்.

5. உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் காற்று நுழைகிறதா என்று பார்க்கவும். மோட்டார் ஓடும்போது புகையும் ஊதுவத்தியை இணைப்பின் அருகே பிடித்தால், ஓட்டை உள்ள இடத்தில் புகை உள்ளே இழுபடும்.

ஆழ்துளைக் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார் உள்ளவர்கள், தண்ணீர் விட்டு விட்டுக் காற்றுடன் வருவதையும், ஆம்பியர் முள் வழக்கத்தைவிடக் குறைவதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். துளையில் தண்ணீர் தீர்ந்து மோட்டார் காற்றை இழுக்கிறது என்பதற்கு இவை அடையாளம். சுற்றிலும் ஓடும் தண்ணீர்தான் அந்த மோட்டாரைக் குளிர வைக்கிறது. ஆகையால் உடனே நிறுத்தாவிட்டால் காயில் எரிந்து போகும். தண்ணீர் இல்லாதபோது தானாக நிறுத்தும் கருவி பொருத்துவது நல்லது.

கம்ப்ரசர் வைத்துத் தண்ணீர் எடுப்பவர்களுக்குக் காற்றும் தண்ணீரும் கலந்து சத்தத்துடன் வருவது இயல்பு. அந்தக் குழாயை நேராக வீட்டுக் குழாய்களுடன் இணைக்காமல், திறந்த தொட்டியில் விழ விட்டு, அங்கிருந்து தண்ணீரை எடுத்துக் கொள்ள வேண்டும்.

வீட்டுக் குழாயில் 'களக் களக்'

தொட்டி ஒருமுறை முழுக்கக் காலியானால் குழாய்களில் காற்று புகுந்துவிடும். மறுபடி தொட்டி நிரம்பியதும், இறங்கும் தண்ணீருக்கும் ஏறும் காற்றுக்கும் வழிப் போட்டி ஏற்பட்டு, குழாய் துப்பும். சில இடங்களில் தண்ணீரே வராது. குழாய் நடுவில் மேடாக வளைந்து மறுபடி இறங்கினால், அந்த மேட்டில் காற்று நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இதற்குக் காற்றுப் போக்கி வைப்பதே சரியான பரிகாரம். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், வால்வுக்கு அடுத்து ஒரு 'டீ' போட்டு, அதிலிருந்து ஒரு குழாயைத் தொட்டியின் மேல் விளிம்பையும் தாண்டி ஓரடி உயரமாக நிறுத்த வேண்டும். நுனியைக் கீழ்நோக்கி வளைத்து, கொசு புகாமல் வலை கட்டவும். காற்று அந்த வழியே வெளியேறிவிடும். குழாய் வேலை நடக்கும்போதே செய்தால் சில அடிக் குழாயும் இரண்டு மூன்று இணைப்புகளுமே செலவு.

ஊராட்சிக் குடிநீர்க் குழாயிலும் தண்ணீர் விடும் நேரத்தில் முதலில் காற்று வரும். குழாயைச் சற்றே திறந்து வைத்துக் காற்று வெளியேறியபின் முழுதும் திறக்கவும். அந்த இணைப்பில் மோட்டாரை நேரடியாகப் பொருத்தி இழுப்பது தவறு. அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் குறைவதோடு, குழாயில் ஓட்டை இருந்தால் வெளியே தேங்கியுள்ள சாக்கடை நீரும் உள்ளே இழுபடும்.

'டர்ர்' என்ற அதிர்வு

குழாயைப் பாதி திறந்தால் அதிர்ந்து, முழுதும் திறந்தால் அடங்கினால், உள்ளே உள்ள வாசர் தேய்ந்து தளர்ந்து ஆடுகிறது என்று பொருள். மெயின் வால்வை மூடிக் குழாயைக் கழற்றி, புது வாசர் போட்டுத் திருகாணியை இறுக்கினால் சரியாகிவிடும்.

தொட்டியில் மிதவை வால்வு இருந்தால், விழும் தண்ணீர் அலை எழுப்பி மிதவையை ஆட்டும். வால்வு திறந்து திறந்து மூடி அதிரும். தண்ணீர் மிதவையின் பக்கம் விழாமல் சுவரை ஒட்டி வழியும்படி திருப்பிவிட்டால் போதும். கிணற்று மோட்டார் ஏற்றும் குழாயின் வாயில் மிதவை வால்வு வைக்க வேண்டாம். தொட்டி நிரம்பி வால்வு மூடியபின் மோட்டார் வீணாகத் திணறும். அங்கே வழிந்தோடும் குழாயும், நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவியும் ஏற்றவை.

கால் சுற்றில் மூடும் புதுவகைக் குழாய்களும், துணி துவைக்கும் இயந்திரத்தின் வால்வும் சட்டென்று மூடுபவை. பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் இவற்றால் இடி கேட்கலாம். கையால் மூடும் குழாயை நிதானமாக மூடவும். இயந்திரத்துக்குப் போகும் குழாயில் மேலே சொன்ன சிறு காற்றறை வைக்கவும்.

ஆடும் குழாயைக் கட்டுங்கள்

சுவரில் பிடிப்பில்லாத குழாய், சிறிய அதிர்வையும் பெரிய சத்தமாக்கிவிடும். அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரையுள்ள பி.வி.சி. குழாய்க்கு மூன்றடிக்கு ஒரு கிளாம்ப் போட வேண்டும். குழாய்க்கும் கிளாம்புக்கும் இடையே பழைய சைக்கிள் டியூப் துண்டை வைத்தால் உராய்வும் சத்தமும் அடங்கும். மிகவும் இறுக்க வேண்டாம். பி.வி.சி. குழாய் வெயிலில் நீளும். 10 மீட்டர் குழாய் 20 டிகிரி வெப்பம் ஏறினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். உச்சி வேளையில் கேட்கும் 'டிக் டிக்' ஒலி இதனால்தான். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் வெயில் நேராகப் படும் பி.வி.சி. குழாய் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைவதால், மண்ணில் புதைக்கவோ வெள்ளை வர்ணம் பூசவோ வேண்டும்.

மண்ணில் புதைத்த மெயின் குழாய் திரும்பும் முழங்கைகளிலும், முடியும் முனையிலும் கான்கிரீட் கட்டை கொடுத்து அணைக்கவும். தண்ணீரின் தள்ளு விசை அங்கேதான் அதிகம். இணைப்பு கழன்று கொள்வதும் அங்கேதான்.

இரவில் 'உஸ்' என்றால்

எல்லாக் குழாய்களையும் மூடியபின் இரவில் மெல்லிய சீறல் கேட்டால், தொட்டியின் நீர்மட்டத்தில் ஓர் அடையாளம் இட்டு வைக்கவும். யாரும் தண்ணீர் எடுக்காமலே காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. பின்பு கிளை வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால் எந்தக் கிளையில் ஓட்டை என்பது தெரிந்துவிடும். மோட்டார் நின்றபின் ஏற்றக் குழாயில் சீறல் கேட்டு, மறுநாள் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றி ஓட்ட வேண்டியிருந்தால், ஃபுட் வால்வு ஒழுகுகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. முதலில் வால்வை மெதுவாக மூடும் பழக்கத்தைக் கைக்கொள்ளவும். இரண்டாவதாகக் கிளாம்ப், வாசர், ஃபுட் வால்வுத் தோல் ஆகிய சிறு செலவுகள். அதன் பின்னும் சத்தம் அடங்காவிட்டால் காற்றுப் போக்கி, காற்றறை, வில் வைத்த வால்வு ஆகியவற்றை யோசிக்கலாம். மோட்டாரைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸைக் கழற்றிவிட வேண்டும். தண்ணீர்க் குழாயை எர்த்தாக ஒருபோதும் உபயோகிக்கக் கூடாது. மோட்டாருக்குத் தனி எர்த் அவசியம்.

வண்டி அச்சு கிறீச்சிட்டால் உடனே மசகு போடுகிறோம். மாடு இருமினால் அன்றே மருந்து தேடுகிறோம். குழாய் போடும் சத்தத்துக்கும் அதே கவனத்தைக் கொடுத்தால், கோடையில் குழாய் வெடித்துப் பயிர் வாடும் நஷ்டத்தைத் தவிர்த்துக் கொள்ளலாம்.